பதில் குரல்

ஆஸ்திரேலியப் பாலைவனத்துப் பூர்வகுடிகளான நாங்கள் செத்தவர் பெயரைச் சொல்வதில்லை. சொன்னால் திரும்பி வந்துவிடுவார்கள். கிழவர் ரெஜிக்கும் அது தெரியும். ஆனால் மறதி நோயில், மனைவி செத்ததே அவருக்கு நினைவில் நிற்கவில்லை. அவள் ஆவி வீட்டை விட்டுப் போகட்டும் என்று பச்சை இலை போட்டுப் புகை காட்டிய அன்றே அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

மகள் நொரீன் முதலில் உண்மையைச் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் அவர் புதிதாக அழுதார். அதனால் அவர் கூப்பிட்டால் “வரேன்” என்று அவளே குரல் கொடுக்க ஆரம்பித்தாள்.

ரெஜியின் தங்கை டல்சி வாசலோடு நின்றுகொண்டாள். “உங்கப்பன் வாயை அடக்கு புள்ள. இல்லேன்னா ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் டவுன்ல இருக்கிற முதியோர் ஹோமுக்கு அனுப்பு. அங்க யார் பேரை வேணா கத்தட்டும்.”

“அங்க போனா செத்துருவாரு அத்தை.”

“அப்ப நீயே கட்டிக்கிட்டு அழு.”

ஒரு மத்தியானம் நொரீன் வெளியே தணலில் கங்காரு வாலைப் புரட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே ரெஜி மனைவி பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவள் வாய் திறக்குமுன் வீட்டுக்குள்ளிருந்து “வரேன்” என்று பதில் வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தாள். அறையில் அவர் மட்டும்தான் இருந்தார். அவர் தலையை யாரோ ஈரம் தொட்டு வாரிவிட்டிருந்தார்கள்.

“உன்னைக் கூப்பிடலையே” என்றார்.

அதன்பிறகு அவர் யாரையும் கூப்பிடவில்லை.

“அடங்கிட்டான்ல, இங்கயே கெடக்கட்டும்” என்றாள் டல்சி.

நொரீன் தலையாட்டினாள். இப்போதெல்லாம் அவள் அப்பாவின் அறைக்குள் போகுமுன் கதவைத் தட்டுகிறாள்.