வருஷக் கட்டி

ஏழு மாதமாகியும் லுஜைனின் தொடையில் இருந்த கட்டி ஆறவில்லை. அந்த இரண்டு வயது மகளை மடியில் வைத்துக்கொண்டு ருகய்யா டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவள் கணவன் மாஹிர்தான் கேட்டான்.

"புத்துநோயா டாக்டரம்மா?"

"அட, இல்லப்பா. மணல் ஈ கடிச்சு வர்ற வருஷக் கட்டி. சிரியாவுல, நம்ம அலெப்போ ஊர்ல பாதிப் பேருக்கு வந்ததுதானே? விட்டா ஒரு வருஷம் இழுக்கும். வாரம் ஒரு ஊசி போட்டா ரெண்டு மாசத்துல ஆறிடும்."

மாஹிருக்கு உயிர் வந்தது. "இப்பவே போடுங்க."

ருகய்யா குழந்தையை இறுக்கி அணைத்துக்கொண்டாள். "வேண்டாம்."

"குழந்தைன்னா ஊசிக்கு அழத்தான் செய்யும். உனக்கு ஏன் இவ்வளவு பயம்?"

டாக்டர் மறுபடியும் குனிந்து பார்த்தார். "ஈ திறந்த இடத்துலதான் கடிக்கும். முகம், கை. துணிக்குள்ள இருக்கிற தொடையில எப்படிம்மா வந்துச்சு?"

ருகய்யா தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான்தான் வெச்சேன். பக்கத்து வீட்டுப் பொண்ணோட புண்ணுல ஊசியைத் தொட்டு, இவ தொடையில குத்தினேன்."

மாஹிர் எழுந்துவிட்டான். "பைத்தியமாடி உனக்கு?"

அவள் அவனைப் பார்க்கவில்லை. கன்னத்தில் நாணயம் அளவுக்குக் குழிந்திருந்த தழும்பின் மேல் கண்ணீர் வழிந்தது.

"மறைவா ஒரு இடத்துல வந்து தானா ஆறிட்டா, அப்புறம் முகத்துல வராதாமே டாக்டரம்மா. சின்ன வயசுல எனக்கு வந்த கட்டியோட இந்தத் தழும்பைப் பார்த்துட்டு மூணு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எழுந்து போனாங்க. ஊசி போட்டு இடையில ஆத்திடாதீங்க. வருஷம் முழுக்க இருந்துட்டுப் போகட்டும்."