வாசலில் நின்றால் குரைக்கும்

முதலில், மேலத்தெருவில் நாங்கள் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது என்றார்கள். நடந்தோம்.

அடுத்து, சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போ என்றார்கள். ஏறி மிதித்தோம்.

அதற்கும் அடுத்து, டீக்கடையில் எங்களுக்குத் தனி கிளாஸ் வைத்தார்கள். உடைத்தோம். வழக்கு நடந்தது. வாய்தாவுக்கு அலைந்தோம்.

பிறகு, கல்யாண ஊர்வலம் அந்தப் பக்கம் வரக் கூடாது என்றார்கள். கொட்டு முழக்கத்தோடு போனோம்.

இப்போது, நாய்.

"மேலத்தெரு பஞ்சநதம் ஐயா குடையைப் பிடிச்சுக்கிட்டுப் போறாரு. காதைக்கூட ஆட்டல, அண்ணே. பின்னாடியே ரேஷன் அரிசியோட நான் போறேன். தோட்டத்துலேர்ந்து பாய்ஞ்சு வந்து கேட்டைப் பிறாண்டுது" என்றாள் சுந்தரி.

எங்கள் கீழத்தெரு சங்கத் தலைவர் உத்திராபதி வெற்றிலையைத் துப்பினார்.

"உன்னை மட்டுமா?"

"என்னையும்தான்" என்றான் ஆட்டோ வீரமணி. "கீழத்தெரு ஆளுன்னா எல்லாரையும் பாத்துக் குரைக்குது. மேலத்தெருக்காரங்க எவரையும் ஒண்ணும் சொல்றதில்ல. அதுக்கு நம்ம சாதி சர்டிபிகேட்டைக் காட்டினது யாருன்னுதான் தெரியல."

யாரும் சிரிக்கவில்லை. காரணம், அந்த நாய் வளரும் வீடு மேலத்தெருக்காரர் வீடு இல்லை. போன வருடம் இறந்துபோன எங்கள் காத்தானின் மகள் எழில்மொழியின் வீடு. மன்னார்குடியில் நர்சாக இருக்கிறாள். கீழத்தெருவிலிருந்து போய் மேலத்தெருவில் வீடு வாங்கிய முதல் ஆள்.

"வீடு வாங்கினதும் புத்தியையும் அங்கேயே வாங்கிட்டா" என்றார் உத்திராபதி. "வாங்க, நாலு பேர் சாட்சிக்கு வாங்க. நாயை விரட்டச் சொல்லுவோம். மாட்டேன்னா, அடுத்த வாரம் அவ வளைகாப்புக்கு நம்ம தெருவுலேர்ந்து ஒரு பொம்பளையும் போகக் கூடாது. தீர்மானம்!"

"பாவம் அண்ணே, பிள்ளத்தாச்சி. மேலத்தெருவுல யாரு வந்து அவளுக்கு வளையல் போடுவா?" என்றாள் சுந்தரி.

"அதை நாய் வளர்க்கறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்."

சாயங்காலம் ஐந்து பேராகப் போய் கேட்டுக்கு முன்னால் நின்றார்கள். நாய் தெருவே அதிரக் குரைத்தது.

"பாத்துக்குங்கப்பா, நீங்கதான் சாட்சி!" என்றார் உத்திராபதி.

டியூட்டி முடிந்து வந்த சேலையோடு, வயிற்றைப் பிடித்தபடி எழில்மொழி ஓடி வந்தாள்.

"வாங்க பெரியப்பா! கிரகப்பிரவேசத்துக்குத்தான் வரல. இப்பவாவது வழி தெரிஞ்சுதே!"

"வாட்ஸ்அப்புல கூப்பிட்டா வர்ற ஆளா நானு? அதை விடு. நான் விருந்துக்கு வரல. நியாயம் கேக்க வந்திருக்கேன்."

கேட்டார். மேடையில் பேசுவதுபோலவே, செருப்பில் தொடங்கி வரிசை மாறாமல் நாய்வரை வந்து முடித்தார்.

"எல்லாம் அடுத்தவன் செஞ்சான், எதிர்த்து நின்னோம். நீயே செஞ்சா நாங்க யாருகிட்ட போறது? ஒண்ணு நாய் இருக்கணும், இல்ல உன் வாசல்ல நாங்க இருக்கணும்."

எழில்மொழியின் கண் கலங்கிவிட்டது. நாயைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு என்ன தோன்றியதோ, "பெரியப்பா, எனக்காக ஒண்ணே ஒண்ணு செய்யுங்க" என்றாள். "எல்லாரும் அந்தக் கரண்ட் கம்பம் வரைக்கும் போங்க. திரும்பி இந்த வாசலைத் தாண்டி நடங்க. நடுவுல மட்டும் நிக்காதீங்க."

"இது என்ன பரேடா?"

"சும்மா நடங்க, பெரியப்பா."

நடந்தார்கள். நாய் முன்னங்காலில் தாடையை வைத்துப் படுத்தபடி, போகிறவர்களை ஒரு கண்ணால் பார்த்தது. குரைக்கவில்லை. வீரமணி வேண்டுமென்றே காலைத் தேய்த்து நடந்தான். அப்போதும் இல்லை.

உத்திராபதி திரும்பி வந்தார்.

"என்னம்மா இது?"

"தெருவுல நடக்கிறவங்கள இது ஒண்ணும் பண்ணாது. கேட்டுகிட்ட நின்னாதான் குரைக்கும். பால்காரர் நின்னாலும் இதே கச்சேரிதான். மேலத்தெருக்காரங்க இந்த வாசல்ல நிக்கிறதில்ல, பெரியப்பா. தலையைத் திருப்பிக்கிட்டுப் போயிடுவாங்க. நிக்கிறது நம்ம ஆளுங்க மட்டும்தான்."

"நம்ம ஆளுங்க எதுக்கு நிக்கணும்?"

அவளுக்கும் தெரியவில்லை. உத்திராபதி சாட்சிகளைப் பார்த்தார். வீரமணி பிடரியைச் சொறிந்தான். சுந்தரி முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"வாயைத் திறங்களேன்!"

"இல்ல அண்ணே…" சுந்தரி இழுத்தாள். "கேட்டுத் தூண்ல கல்லு பதிச்சிருக்குல்ல, அதைப் படிக்கத்தான். நூறு நாள் வேலைக்குக் கையெழுத்துப் போடத்தான் நான் எழுத்தே கத்துக்கிட்டேன். ஒவ்வொண்ணாக் கூட்டிப் படிக்கிறதுக்குள்ள இந்தச் சனியன் விரட்டிடுது. இன்னிவரைக்கும் முழுசாப் படிச்சு முடிக்கல."

"எனக்குப் படிக்கத் தெரியும்" என்றான் வீரமணி. "இருந்தாலும் இந்தப் பக்கம் சவாரி வந்தா ஆட்டோவை நிறுத்தி ஒரு தடவை பாத்துட்டுத்தான் போவேன். நம்ம தெருவுல எல்லாரும் அப்படித்தான் தலைவரே."

எழில்மொழி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். சிரிப்பா, அழுகையா என்று சொல்ல முடியவில்லை.

உத்திராபதி அப்போதுதான் தூண் பக்கம் திரும்பினார். கறுப்புக் கல். வெள்ளை எழுத்து. முன்னால் 'டேய்' போடாமல் இந்தத் தெருவில் யாரும் கூப்பிட்டிராத பெயர்.

அவர் நின்றதும் நாய் மறுபடி ஆரம்பித்தது.

"அது குரைக்கட்டும்" என்றார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "சுந்தரி, கிட்ட வா. எல்லாரும் கேட்டுக்குங்க."

மைக் இல்லாத கூட்டத்தில் பேசிப் பழகிய குரலில், நாயின் குரைப்புக்கும் மேலே, சாட்சிகள் நான்கு பேருக்கும் மேலத்தெருவுக்கும் கேட்கும்படி வாசித்தார்:

"காத்தான் இல்லம்!"