எட்டு மணி வகுப்பு

"கொரோனா காலத்துல இந்த வயசுல மார்க்கெட் தரையைக் கழுவப் போனா, நாலு பேர் என்னைத்தான் காறித் துப்புவாங்க" என்று அறுபத்தெட்டு வயது பூவம்மாவின் சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட் துப்புரவு வேலையை நிறுத்தினான் மகன் கபிலன்.

வேலை நின்றதும் முட்டி மடங்க மறுத்தது. "உடம்பு அசையணும், அப்பத்தான் நோயை எதிர்த்து நிக்கும்" என்றார் டாக்டர்.

கபிலன் விடுவானா? சமூக மன்றத்தின் முதியோர் உடற்பயிற்சி வகுப்பில் அவளைச் சேர்த்துவிட்டான். தினமும் காலை எட்டு மணிக்கு ஜூமில் நடக்கும்.

"நாப்பது வருஷம் குனிஞ்சு நிமிந்தவளுக்கு எக்சர்சைஸாடா?"

"அது வேலைம்மா. இது சயின்ஸ்!"

எட்டு மணிக்கு அவனுக்கும் ஆபீஸ் மீட்டிங். அவரவர் அறைக்கதவை அவரவர் சாத்திக்கொண்டார்கள்.

ஒரே மாதம். பூவம்மா லிஃப்டை மறந்துவிட்டு ஆறாம் மாடிக்குப் படியேறினாள். 'டீச்சர் பெரிய கைராசிக்காரர்' என்று கபிலன் நண்பர்களிடம் பீற்றிக்கொண்டான்.

அந்த டீச்சருக்கு ஒரு நன்றி சொல்லலாமென்று, மீட்டிங் இல்லாத ஒருநாள் அம்மாவின் அறைக்கதவைத் திறந்தான்.

திரையில் இருபது கிழடுகள். ஆளுக்கொரு தரை துடைக்கும் மாப்பு.

"அங்கமுத்து அண்ணே, மாப்போட இடுப்பும் திரும்பணும்! மீன்கடைத் தரைன்னு நெனச்சு அழுத்தி இழுங்க!" குரல் பூவம்மாவுடையது.

"டீச்சர் எங்கம்மா?"

"மூணு வாரமா நான்தான்டா. நான் குனிஞ்சு நிமிர்றதைப் பாத்துட்டு, 'இனிமே நீங்களே சொல்லிக் குடுங்க ஆன்ட்டி'ன்னு அந்தப் பொண்ணு ஒதுங்கிக்கிச்சு."

கபிலன் திரைக்கு முன்னால் வந்து எட்டிப் பார்த்தான்.

"தள்ளி நில்லுடா, சயின்ஸ் நடக்குது!"