கோணக்கை

"மறுபடியும் எல்லாத்தையும் கோணலா மாட்டி வச்சிருக்கீங்களே!"

கடைக்குள் கால் வைத்ததும் அவள் சொல்லும் முதல் வார்த்தை அதுதான். கைப்பையைக்கூட இன்னும் கீழே வைக்கவில்லை.

"வாங்க மேஸ்திரி," என்றார் கணவர், கண்ணாடி அறுப்பதை நிறுத்தாமல். "வந்ததும் வராததுமா ஆரம்பிச்சாச்சா?"

"நேத்து ஒவ்வொண்ணா நேராக்கி வச்சிட்டுத்தானே போனேன்? அதுங்களா எழுந்து நடந்துச்சா?"

"வெளியில பஸ் போகுதுல்ல. சுவர் அதிருது."

"ஆமா, பஸ்ஸுக்கு வேற பிழைப்பு இல்ல. நம்ம கடைப் படத்தை ஆட்டத்தான் ஓடுது. உங்களுக்குக் கோணக்கைன்னு ஒத்துக்கோங்களேன்."

"ஒத்துக்கிட்டேன்."

அவர் அப்படித்தான். சண்டைக்குப் பிடி கொடுக்கவே மாட்டார். அதில்தான் அவளுக்கு எரிச்சல்.

படங்களுக்கு ஃப்ரேம் போடும் கடை அது. அறுப்பதும் ஒட்டுவதும் அவர் வேலை. சுவரில் மாட்டியிருக்கும் மாதிரிப் படங்கள் அவள் பொறுப்பு. கல்யாணமாகி வந்த புதிதில், ஃப்ரேமின் மூலையில் நூலளவு இடைவெளி இருந்தாலும் வாசலில் நின்றே சொல்லிவிடுவாள். மேஸ்திரி என்ற பட்டம் அப்போது கிடைத்தது. இடையில் ஒரு வருடம் காதில் சீழ் வைத்து, தலைசுற்றலோடு படுத்த படுக்கையாகக் கிடந்தாள். எழுந்ததும் முதலில் வந்தது கடைக்குத்தான். அவர் கை கெட்டுப்போனதும் அந்தச் சமயத்தில்தான். "அப்பாவுக்கு வயசாகுதுடி, கை நிதானம் போயிடுச்சு," என்று மகளிடம் போனில் சொல்லி வருத்தப்பட்டாள்.

அன்றும் எல்லாப் படங்களையும் நேராக்கிவிட்டு, சமைக்க வீட்டுக்குக் கிளம்பினாள். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"உங்க கை படாம இருந்தாலே போதும். இந்தச் சுவர் நேரா நிக்கும்."

அவர் சிரித்தார்.

சமையல் முடிவதற்குள் கடைக்கு எதிரே இருக்கும் மருந்துக்கடைக்காரர் போன் செய்தார். ஓடி வந்து பார்த்தபோது, உட்கார்ந்த நாற்காலியிலேயே அவர் உயிர் போயிருந்தது.

மாதம் ஒன்று கழித்து மகளோடு வந்து கடையைத் திறந்தாள். சுவரைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"பாரு. போற அன்னிக்கும் கோணலாக்கிட்டுத்தான் போயிருக்கார் உங்கப்பா."

மகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு விளக்குமாற்றை எடுத்துப் பெருக்கத் தொடங்கினாள்.

அம்மா பழையபடி ஒவ்வொன்றாக நேராக்கினாள். மறுநாள் வந்தபோது எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. அதற்கு அடுத்த நாளும் அப்படியே. வெளியே பஸ்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

"அப்போ பஸ் இல்ல," என்றாள் மெதுவாக. "நான் அந்தப் பக்கம் போனதும் வேணும்னே மாத்தி வச்சிருக்கார். என் மேல அப்படி என்னடி கோபம் அவருக்கு? தினமும் வாய்க்கு வந்தபடி பேசினேனே, அதுவா? ஒரு வார்த்தை திருப்பித் திட்டியிருக்கலாமே."

"அதெல்லாம் இல்லம்மா."

"உனக்கென்ன தெரியும்? கூட வாழ்ந்தவ நானு."

மகள் அப்பாவின் படத்தை எடுத்துக்கொண்டு ஸ்டூலில் ஏறினாள். அவர் அறுத்து வைத்திருந்த தேக்குச் சட்டத்தில் போட்ட படம்.

"வலது பக்கம் இறக்கு," என்றாள் அம்மா கீழே நின்று. "இன்னும் கொஞ்சம். ம், போதும். இதையாவது நேரா மாட்டணும்."

மருந்துக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். பார்த்தவர் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார்.

"என்னக்கா இது, கப்பலுக்குள்ள வந்த மாதிரி இருக்கு! அத்தனை படமும் ஒரே பக்கமா இறங்கி நிக்குது. அண்ணனையுமா இப்படி மாட்டுவீங்க?"

"உங்க கண்ணுல கோளாறு. உங்க கடையில இருந்தே சொட்டு மருந்து எடுத்து முதல்ல போட்டுக்கோங்க."

அவர் சிரித்தபடி மகளைப் பார்த்தார். மகள் சிரிக்கவில்லை. அவர் சத்தமில்லாமல் நழுவினார்.

மகள் இறங்கி வந்து அப்பாவின் மேசை இழுப்பறையிலிருந்து, மட்டம் பார்க்கும் ரசமட்டத்தை எடுத்தாள். மறுபடி ஏறி, அதைப் படத்தின் மேல் வைத்தாள். நடுவில் நிற்க வேண்டிய குமிழி ஓரத்துக்கு ஓடி அங்கேயே நின்றது.

"அடுத்த படத்துல வை," என்றாள் அம்மா.

அதிலும் ஓரத்துக்கே ஓடியது.

"இன்னொண்ணுல."

அதிலும்.

"அந்தக் காது வியாதிக்கு அப்புறம் உன் பார்வையே கொஞ்சம் சாய்வாத்தாம்மா இருக்கும். இனி சரியாகாதுன்னு டாக்டர் அப்பாகிட்ட சொல்லிட்டார்." மகள் ஸ்டூலிலிருந்து இறங்கவில்லை, திரும்பவும் இல்லை. "உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு அப்பா என்கிட்ட சத்தியம் வாங்கிட்டார். தெரிஞ்சா மேஸ்திரி கடைப்பக்கமே வர மாட்டா, என் கை கோணலாவே இருந்துட்டுப் போகட்டும்னார். நீ வீட்டுக்குப் போனதும் தினமும் எல்லாத்தையும் அவர்தான் நேராக்குவார்."

அம்மா அந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"குமிழி நடுவுல வர்ற மாதிரி மாட்டு," என்றாள் கடைசியில்.

மகள் மாட்டினாள். அம்மாவின் கை பழக்கத்தில் மேலே எழுந்தது. பாதியில் நின்று இறங்கியது.

அவள் கண்ணுக்கு அவர் இன்றைக்கும் கோணலாகத்தான் தொங்குகிறார்.