ஒரு விரல் போதும்

"அமுக்குறதுக்கு ஒரு விரல் போதும்ப்பா. அதக்கூடவா உங்களால செய்ய முடியல?"

சின்னவன் போட்ட சத்தம் ஆஸ்பத்திரி வார்டு முழுக்கக் கேட்டது. இடுப்பில் கட்டோடு படுத்திருந்த அப்பா, மேலே சுற்றும் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காலையில் குளியலறை வாசலில் வழுக்கி விழுந்திருக்கிறார். போன் சட்டைப் பையிலேயே இருந்திருக்கிறது. மத்தியானம் கேன் தண்ணீர் கொண்டுவந்தவர், சன்னல் வழியாகப் பார்த்துக் கத்தி ஆளைக் கூட்டும்வரை ஈரத் தரையிலேயே கிடந்திருக்கிறார்.

சின்னவனுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? அம்மா போன பிறகும் அப்பா தனியாகத்தான் இருப்பேன் என்று அடம்பிடித்தபோது, கடை கடையாக ஏறி இறங்கி அந்தப் போனை வாங்கிக்கொடுத்தவன் அவன். பின்பக்கம் சிவப்பாக ஒரு பட்டன். அழுத்திப் பிடித்தால் நேராக இவனுக்கு மணி அடிக்கும். குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் அதைப் பற்றி ஒரு பிரசங்கமே செய்து கைத்தட்டல் வாங்கியிருக்கிறான்.

அப்பாவோ போன் வந்த வாரத்திலேயே அதன்மேல் ஒருக்களித்துப் படுத்து, சும்மா சும்மா அவனுக்கு மணி அடிக்க வைத்தார். அந்தக் கூத்தை அவன் சொன்னபோது, ஊசி போட வந்திருந்த நர்ஸம்மாவும் சிரித்துவிட்டார்.

அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மெல்லக் கேட்டாள். "நிஜமாவே அமுக்கலையாப்பா?"

அப்பா சின்னவனை ஒரு பார்வை பார்த்தார். "ஞாபகம் வரலம்மா. வயசாயிடுச்சுல்ல."

"கேட்டியா? எல்லாம் வாங்கிக் குடுத்தும் என்ன பிரயோசனம்? ஏதாவது ஒண்ணு ஆகியிருந்தா ஊர் என்னைத்தானே காறித் துப்பும்?"

வலியில் இருக்கிற மனிதரை விடுடா என்றாள் அக்கா. அவன் விடுவதாக இல்லை. மேசைமேல் இருந்த அப்பாவின் போனை எடுத்தான். சின்னக் குழந்தைகூட இதைச் செய்யும் என்று இப்போதே காட்டப் போவதாகச் சொன்னான்.

அப்பா படுத்தபடியே அவசரமாகக் கை நீட்டினார். "அத வச்சிடுப்பா. இப்ப எதுக்கு."

"இல்லப்பா, நீங்க பாத்தே ஆகணும்."

பட்டனை அழுத்திப் பிடித்தான். மணி போகும் சத்தம் ஸ்பீக்கரில் கணீரென்று கேட்டது. போய்க்கொண்டே இருந்தது. சின்னவனின் பையில் இருந்த போன் மட்டும் மூச்சுவிடவில்லை.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. கடைசியாக அப்பா தெரியாமல் அமுக்கிய அன்று, கூரியர் அலுவலகத்தில் மேலதிகாரி எதிரே உட்கார்ந்திருந்தான். மேசைக்கு அடியிலேயே விரலை ஓட்டி, அப்பாவின் எண்ணுக்கு மட்டும் சத்தம் வராமல் செய்துவிட்டான். சாயங்காலம் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தான். அந்தச் சாயங்காலம் இன்னும் வரவில்லை.

தன் போனை வெளியே எடுத்தான். நாள் முழுக்க வந்து குவிந்த பார்சல் புகார்களுக்கு நடுவே, காலையில் எடுக்காமல் விட்ட அழைப்புகள் ஏழெட்டு கிடந்தன. எல்லாம் அப்பா.

அக்கா அந்தத் திரையையும் பார்த்தாள், அவன் முகத்தையும் பார்த்தாள். நர்ஸம்மா ஊசித் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். இவ்வளவு நேரம் கத்திய வாயைக் கொண்டுபோய் எங்கே வைத்துக்கொள்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"இந்தக் கட்டடத்துக்குள்ள டவரே எடுக்க மாட்டேங்குதும்மா" என்றார் அப்பா, அக்காவிடம். "யாருக்கும் லைன் கிடைக்கல."

அந்த நேரம் பார்த்து, வார்டே திரும்பிப் பார்க்கும்படி சின்னவனின் போன் அலறியது. அலுவலகத்திலிருந்து.

அவன் அதைக் கையில் பிடித்தபடி தலைகுனிந்து நின்றான்.

"எடுத்துப் பேசுப்பா" என்றார் அப்பா. "ஏதாவது அவசரமா இருக்கப் போகுது."