சுத்தமான அறை

தெருமுனையில் பழைய டயர்களை எரிக்கும் பட்டறை இருந்தது. எங்கள் மகளுக்கோ மூச்சிரைப்பு. ஜன்னல்களை அடைத்தும் புகை வந்தது. காற்றைச் சுத்தம் செய்யும் மெஷின் ஒன்றை வாங்கி அவள் கட்டிலருகே வைத்தோம். ஞாயிறுதோறும் அதன் ஃபில்டரைக் கழற்றினால் கரி பிடித்த வாணலி மாதிரி இருக்கும்.

இந்த ஞாயிறு அது வெள்ளை வெளேரென்று இருந்தது.

"பட்டறையை மூடிட்டாங்களா?" என்றாள் மனைவி. எட்டிப் பார்த்தேன். புகை கருகருவென்று போய்க்கொண்டிருந்தது.

மெக்கானிக்கை வரவழைத்தோம். "மெஷின் நல்லாத்தான் ஓடுது சார். இந்த ரூம் காத்துல அழுக்கே இல்ல. வேற ஏதோ முந்திக்கிட்டு இழுத்துடுது."

அப்போது மகள் இருமினாள். மனைவி நீட்டிய துண்டு முழுக்கக் கரி.

அவளை உடனே என் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிடத் துணிகளை எடுத்து வைத்தோம். அதற்குள் பக்கத்து வீட்டுப் பெண் கைக்குழந்தையோடு வந்து நின்றாள். குழந்தையின் உதடு நீலம் பாரித்திருந்தது.

"மெக்கானிக் சொன்னாருக்கா. உங்க பொண்ணு பக்கத்துல இவனைக் கொஞ்ச நேரம் போட்டுக்கட்டுமா? மூச்சு விடவே திணறுறான்."

மனைவி வாசலை மறித்து நின்றாள். "முடியாதும்மா, போயிடு" என்று அழுதாள்.

உள்ளே மகள் சுவரோரம் நகர்ந்து, கட்டிலில் குழந்தைக்கு இடம் விட்டிருந்தாள்.