மூன்றாவது கேள்வி

“எஜே, கேள்வி மூணுதான். நேத்து என்ன முடிச்சீங்க? இன்னைக்கு என்ன செய்யப்போறீங்க? நடுவுல என்ன தடை? பதில் மட்டும் சொல்லுங்க, கதை வேண்டாம்.”

சைகல் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே கேட்டாள். பிஷ்கெக் பல்கலைக்கழகத்தின் மூன்றாவது மாடி, காலை எட்டரை மணி. ஹீட்டர் ஓரமாக நால்வரும் நின்றுகொண்டிருந்தார்கள். உட்காரக் கூடாது; உட்கார்ந்தால் பேச்சு நீளும். ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கே பேசவும் கூடாது. ஸ்கிரம் என்ற மென்பொருள் வேலை முறைப்படி தினமும் கால் மணி நேரம் இப்படி நின்று பேசித்தான் அவர்களுடைய ப்ராஜெக்ட் நடந்தது. அந்தக் கூட்டத்தை நடத்தும் ஸ்கிரம் மாஸ்டர் சைகல்.

மலையில் காணாமல்போன குதிரையை யாராவது கண்டால், அதன் உடம்பில் சூடு போட்ட முத்திரையைப் படம் எடுத்து உரிமையாளருக்கு அனுப்ப ஒரு செல்போன் ஆப். அதுதான் ப்ராஜெக்ட். முக்கால்வாசி முடிந்துவிட்டது. பாக்கி, படம் ஏற்றும் பக்கம். அது அனார்கானின் பொறுப்பு.

அனார்கானுக்கு நாற்பத்து மூன்று வயது. இரண்டாவது பட்டத்துக்காக இந்த ஆண்டுதான் சேர்ந்தார். சீட்டுக் குலுக்கியதில் இந்தக் குழுவில் விழுந்தார். வயதில் மூத்தவர் என்பதால் எல்லோருக்கும் அவர் ‘எஜே’, அதாவது அக்கா.

“நேத்து ஒண்ணும் முடிக்கல. இன்னைக்கு முடிக்கப் பாக்குறேன்.”

“தடை?”

“ஒண்ணுமில்ல.”

“காணாமப்போன குதிரையே இந்நேரம் தானா வீடு திரும்பியிருக்கும் எஜே. உங்க பக்கம் இன்னும் வரல,” என்றான் பெக்தெமிர். பக்கத்தில் நின்ற மீரிம் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

சைகல் சிரிக்கவில்லை. “மூணு நாளா இதே பதில். தடை இல்லைன்னா வேலை ஏன் நகரல? வயசுக்கு இங்க சலுகை கிடையாது எஜே. வெள்ளிக்கிழமை நம்ம வாத்தியார் ரிஸ்பெக் அகாய் பாக்க வர்றார். முடியலன்னா நாலு பேருக்கும் அடுத்த வருஷம் மறுபடி இதே பாடம்.”

அனார்கான் சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“சரி, சொல்றேன். யாரும் குறுக்க பேசக் கூடாது. அது உன் சட்டம்தானே?”

“ஆமா.”

“அப்ப கேட்டுக்கோங்க. தடை, என் பொண்ணு.”

ஹீட்டர் பக்கம் கையை நீட்டிக் காய்ந்தபடி அனார்கான் தொடர்ந்தார்.

“வீட்டுக்காரர் ரஷ்யாவுல லாரி ஓட்டுறார். வீட்டுல நானும் அவளும்தான். நான் தையல் கூடத்துல வேலைய முடிச்சுப் போக எட்டு மணி ஆகும். லக்மான் நூடுல்ஸ் தின்ன கிண்ணம் காஞ்சு ஒட்டிக்கிட்டு கிடக்கும். டீ குடிச்ச கோப்பை ஜன்னல்ல ஒண்ணு, கட்டிலுக்கடியில ரெண்டு. எல்லாத்தையும் கழுவி, சமைச்சு, துவைச்சு, கம்ப்யூட்டர் முன்னால உக்கார்றதுக்குள்ள எனக்குக் கண்ணு சொருகிடுது. கேட்டா, ‘எனக்குப் படிப்பு இருக்கு’ங்கறா. எனக்கும் படிப்பு இருக்குன்னு அவளுக்குத் தோணவே இல்ல.”

“அவகிட்டயே இதைச் சொல்லலாமே எஜே?” என்றாள் மீரிம்.

“வீட்டுல நான் வாயத் திறந்தா மூணாவது வார்த்தையில எழுந்து போயிடுவா.”

“என்ன பொண்ணு அது!” பெக்தெமிருக்குப் பொறுக்கவில்லை. “எங்க வீட்டுக்கு மருமகளா வந்தா, எங்கம்மா மறுநாளே குதிரையில ஏத்தித் திருப்பி அனுப்பிடுவாங்க!”

“போதும் பெக்தெமிர்,” என்றாள் சைகல். அவளுக்குக் காது மடல் சூடேறியது. தன் குழுவில் ஒருவர் இவ்வளவு சுமப்பது தனக்கு எப்படித் தெரியாமல் போனது? “தடையை நீக்குறது ஸ்கிரம் மாஸ்டரோட பொறுப்பு. என்கிட்ட விடுங்க எஜே. இன்னையோட அது தீர்ந்தது.”

“ஊரார் பெத்த பொண்ணை நீ எப்படித் திருத்துவ?”

“அது என் கவலை,” என்ற சைகல் பெக்தெமிர் பக்கம் திரும்பினாள். “நீ உன் வேலையைச் சொல்லு. நேத்து என்ன முடிச்ச?”

மறுநாள் அனார்கான் வந்தபோது முகத்தில் தூக்கக் கலக்கம் இல்லை.

“நேத்து பாதிப் பக்கம் முடிச்சேன். மீதி இன்னைக்கு.”

“தடை?”

“இல்ல,” என்றார். இந்த முறை அந்தச் சொல் சிரிப்போடு வந்தது.

வியாழக்கிழமை பக்கம் முழுசாக முடிந்து, மீரிம் பத்து தடவை சோதித்தும் ஒரு பிழை அகப்படவில்லை.

வெள்ளிக்கிழமை ஆசிரியர் ரிஸ்பெக் அகாய் வந்தார். ஒரு குதிரைப் படத்தை ஏற்றினார். அவர் கையை எடுப்பதற்குள், சோதனைக்காகக் குதிரைக்காரனாகப் பதிந்திருந்த பெக்தெமிரின் பையில் செல்போன் மணி அடித்தது. இன்னொரு படம், மறுபடி மணி. அகாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

“நாலு பேருக்கும் முழு மார்க். திங்கக்கிழமை வரைக்கும் நீங்க தேற மாட்டீங்கன்னுதான் நினைச்சேன். நாலு நாள்ல என்ன நடந்தது?”

“எல்லாம் சைகல் வேலை அகாய்,” என்றான் பெக்தெமிர். “எஜே வீட்டுல ஒரு சோம்பேறிப் பொண்ணு இருக்கு. இவ என்னவோ மந்திரம் போட்டு அதை வழிக்குக் கொண்டுவந்துட்டா.”

“அப்படியா! எங்க வீட்டுலயும் ஒரு பையன் இருக்கான். அந்தப் பொண்ணுகிட்ட என்னம்மா சொன்ன?”

“ஒண்ணும் சொல்லல அகாய். சாயங்காலம் பாத்திரம், துணி, சமையல் எல்லாத்தையும் நானே செஞ்சுடறேன்.”

“நீ ஏன் அவங்க வீட்டுல போய் வேலை செய்யணும்?” பெக்தெமிர் வாயைப் பிளந்தான்.

சைகல் அனார்கானின் தோளில் கையைப் போட்டுக்கொண்டாள்.

“அவங்க வீடுதான் என் வீடும். குழுவுல சலுகை காட்டுறேன்னு யாரும் சொல்லிடக் கூடாதேன்னு இங்க மட்டும் எஜேன்னு கூப்பிடறேன். வீட்டுல, அம்மா.”